"குழந்தை பொறக்குமா சிஸ்டர்?": கர்ப்பப்பை வாய் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. அவர் போனதும், திரைக்குப் பின்னால் புடவையைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்கள்: "சிஸ்டர், இதுக்கப்புறம் குழந்தை பொறக்குமா?"

கர்ப்பப்பை வாயைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் கால்போஸ்கோப்பி அறையில் பல வருடம் நின்றவள் நான். "கேன்சரா?" என்ற கேள்வியைவிட இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்கும். மாதாமாதம் மாமியார் நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு நடுவில் 'கர்ப்பப்பை வாயில் செல் மாற்றம்' என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் வேறு எதைக் கேட்பார்கள்?

பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பை கர்ப்பப்பை. கயிறு கோத்த வாய்தான் கர்ப்பப்பை வாய். செல் மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்கு முன் மாறிய இடத்தை நீக்குவதுதான் நாம் பேசப்போகும் சிகிச்சை. அது அந்த வாயின் விளிம்பில் நடப்பது. பைக்குள்ளே ஒரு பொருள் போவதற்கு விளிம்பு கொஞ்சம் குறைந்தாலும் பெரிய தடை இல்லை. உள்ளே இருப்பது கனக்கும்போது வாய் இறுக்கமாக நிற்குமா என்பதுதான் கேள்வி. அதாவது, கரு தரிப்பதை இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தொடுவதில்லை. மாதம் நிறையும்வரை தாங்குவதைத்தான் சிலருக்குத் தொடுகிறது. எவ்வளவு தொடும் என்பது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

படி 1: கையில் இருப்பது எந்த ரிப்போர்ட் என்று பாருங்கள்

பரிசோதனை மூன்று வகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்வது பெரும்பாலும் வி.ஐ.ஏ. வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கப் பண்ணி கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எளிய சோதனைதான் என்றாலும் லேசானதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்து 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், இந்த ஒரு சோதனையையும் தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையையும் கொண்டு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைக்க முடிந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற ஆய்வு அது, நம்ம ஊர்ப் பெண்களை வைத்து நடந்தது.

இரண்டாவது பாப் ஸ்மியர். செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மூன்றாவது எச்.பி.வி. டெஸ்ட், இந்தச் செல் மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும்.

மூன்றில் எது 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் அது நோயின் பெயர் ஆகாது. "இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள்" என்று அர்த்தம், அவ்வளவுதான். பாப் ஸ்மியரில் எல்.எஸ்.ஐ.எல். என்று இருந்தால் லேசான மாற்றம், எச்.எஸ்.ஐ.எல். என்றால் கூடுதலான மாற்றம். ஸ்மியரை மட்டும் வைத்துக்கொண்டு இளம் பெண்ணைச் சிகிச்சை மேஜையில் ஏற்ற அவசரப்பட வேண்டியதில்லை. அடுத்த படி இருக்கிறது.

வீட்டில் கிளம்பும் ஒரு சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். எச்.பி.வி. உடலுறவில் பரவும் வைரஸ்தான். ஆனால் அது சத்தமில்லாமல் பல வருடம் உடம்பில் கிடக்கும், தாம்பத்தியத்தில் இருக்கிற பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும், அதுவும் பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று இந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் விசாரணைக் கூண்டில் நிறுத்த இது சாட்சியாகாது.

படி 2: கால்போஸ்கோப்பியும் பயாப்சியும்

கால்போஸ்கோப் என்பது விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. உடம்புக்குள்ளே போகாது, வெளியே ஸ்டாண்டில் நிற்கும். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் கருவியை வைத்து, அசெட்டிக் அமிலம் தடவி, பிறகு அயோடின் தடவுவார்கள். நல்ல தோல் அயோடினைக் குடித்து பலாக்கொட்டைத் தோல்போலப் பழுப்பாகும். மாறிய இடம் குடிக்காமல் மஞ்சளாக நிற்கும். அங்கிருந்து அரிசி அளவுக்கு ஒரு துணுக்கு கிள்ளி எடுப்பது பயாப்சி. கிள்ளும் நொடியில் சுருக்கென்று இருக்கும், அப்போது இருமச் சொல்வோம். இருமலில் கவனம் போய்விடும், கிள்ளியதே தெரியவில்லை என்பார்கள் பாதிப் பேர்.

அயோடின் அலர்ஜி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், எவ்வளவு சங்கடமாக இருந்தாலும்.

படி 3: சிகிச்சை இப்போதே வேண்டுமா?

பயாப்சி ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 1, 2, 3 என்று ஏதாவது ஒன்று இருக்கும். செல் மாற்றம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதன் படிநிலை அது. இந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த முடிவு. குழந்தை வேண்டும் என்பவர்கள் நிதானமாக உட்கார்ந்து பேசவேண்டிய இடமும் இதுதான்.

சி.ஐ.என். 1 வைரஸ் வந்துபோகும் தடம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். வெட்ட வேண்டாம், மறுபரிசோதனை போதும்.

சி.ஐ.என். 2 இழுபறி. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிகிச்சை தராமல் கண்காணிப்பில் வைத்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு வருடத்தில் அது தானாகவே பின்வாங்கியது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் 60 சதவீதம். ஆகவே இளம் வயது, குழந்தை இன்னும் இல்லை, கால்போஸ்கோப்பில் முழுப் பகுதியும் தெளிவாகத் தெரிகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவேன் என்ற உறுதியும் இருக்கிறது என்றால், "கொஞ்ச நாள் கண்காணிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கடைசி நிபந்தனை சாதாரணமில்லை. ஊர்த் திருவிழா, நாத்தனார் பிரசவம், மாற்றல் என்று இரண்டு விசிட்டைத் தவறவிட்டு மூன்று வருடம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தவறவிடுவோம் என்று உங்களுக்கே தோன்றினால் சிகிச்சையை எடுத்துக்கொள்வதே மேல்.

சி.ஐ.என். 3-க்கு இந்தப் பேரம் கிடையாது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்துப் பெண்கள் மருத்துவமனையில் 1960-களிலும் 70-களிலும் ஒரு டாக்டர், இது புற்றுநோயாக மாறாது என்ற தன் நம்பிக்கையில் பல பெண்களுக்குச் சரியான சிகிச்சை தராமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார், அவர்களுக்குத் தெரியாமலேயே. விஷயம் வெளியே வந்து 1987-ல் அரசு விசாரணை நடந்தது. பிற்பாடு கணக்கெடுத்தபோது, வெறும் பயாப்சியோடு விடப்பட்ட பெண்களில் 30 வருடத்துக்குள் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. சி.ஐ.என். 3-ஐ "நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும்போது இது தெரியவந்தால்? புற்றுநோய் இல்லை என்று கால்போஸ்கோப்பியில் உறுதி செய்துகொண்டு, சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

படி 4: எந்தச் சிகிச்சை?

இரண்டே வழி. மாறிய இடத்தை அழிப்பது, அல்லது வெட்டி எடுப்பது.

அழிப்பதில் கிரையோ என்பது உறையவைத்து: மூன்று நிமிடம் உறைய, ஐந்து நிமிடம் உருக, மறுபடி மூன்று நிமிடம். தெர்மல் அப்ளேஷன் என்பது சூடுவைத்து, ஒரு முறைக்கு நிமிடம்கூட ஆகாது. கர்ப்பப்பை வாயின் தசை அதிகம் போவதில்லை. ஆனால் மாற்றம் முழுதும் கண்ணுக்குத் தெரியவேண்டும், உள்பாதைக்குள் போயிருக்கக் கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கவே கூடாது. இன்னொரு குறை, எல்லாம் அழிந்துபோவதால் மறுபடி லேபில் பார்க்கத் துணுக்கு மிஞ்சாது.

வெட்டி எடுப்பதில் இன்று அதிகம் செய்வது லீப், சில ரிப்போர்ட்டுகளில் லெட்ஸ் என்றும் போட்டிருக்கும். மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, நுங்கு நோண்டுவதுபோல ஒரு சில்லை எடுப்பது. உள்ளே ஆழமாகப் போனதற்கும், சுரப்பிச் செல்களில் வந்த மாற்றத்துக்கும் கத்தியால் கூம்பு வடிவில் எடுக்கும் கோன் பயாப்சி வேண்டியிருக்கும். அதற்கு மயக்க மருந்து வேண்டும், ஆழமும் அதிகம்.

கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது மூன்றாவது வழியா என்று கேட்பார்கள். 31 வயதுப் பெண், குழந்தை இல்லை, சி.ஐ.என். 2. வேறு ஒரு மருத்துவமனையில் "எதுக்கும்மா ரிஸ்க், எடுத்துரலாம்" என்று தேதியும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சி.ஐ.என். மாற்றத்துக்கு முதல் சிகிச்சையாகக் கர்ப்பப்பையை எடுப்பது சரியான மருத்துவம் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் ரிப்போர்ட்டையும் பயாப்சி ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போங்கள். ஸ்லைடைக் கேட்கத் தயங்காதீர்கள்.

படி 5: கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை

"எனக்கு இனிமேல்தான் குழந்தை பெத்துக்கணும் டாக்டர்." முதலில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் பார்த்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து, "எத்தனை மில்லிமீட்டர் ஆழம் எடுப்பீங்க?" என்று கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது சில டாக்டர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஏன் இந்தக் கேள்வி? 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்து வந்த பெரிய தொகுப்பின்படி, சிகிச்சை பெறாத பெண்களில் 37 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் 100-க்கு 5 பேர். சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 11 பேர். இரண்டு மடங்கு என்று கேட்டால் நெஞ்சு பதறும்தான். மீதி 89 பேருக்கு மாதம் நிறைந்தே பிறந்தது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. ஆழம் கூடக்கூட ஆபத்து கூடியது: ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நின்றபோது ஒன்றரை மடங்கு, இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டபோது ஐந்து மடங்குக்குப் பக்கம். மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டவர்களுக்கும் அதிகம்.

இதற்காக, "கம்மியா எடுங்க டாக்டர்" என்று பேரம் பேசக் கூடாது. நோய் மிஞ்சினால் இரண்டாம் தடவை வெட்டவேண்டி வரும், அது இதைவிட மோசம். தேவையான அளவு எடுக்கட்டும், தேவைக்கு மேல் எடுக்காமல் இருக்கட்டும், எடுத்த அளவை எழுதிக் கொடுக்கட்டும்.

செலவுக்கு அரசு மருத்துவமனை, காப்பீட்டு அட்டை என்று என்ன வழி இருக்கிறது என்பதையும் அன்றைக்கே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

படி 6: அந்த நாள்

மாதவிலக்கு முடிந்த கையோடு தேதி வாங்குங்கள். கர்ப்பம் இல்லை என்பதும் உறுதியாகும், பிறகு வரும் ரத்தம் எதனால் என்ற குழப்பமும் இருக்காது. லீப் என்றால் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். தொடையில் ஈரமான ஸ்டிக்கர்போல ஒரு தகடு ஒட்டுவோம், மின்சாரம் திரும்பிப்போகும் வழி அது. ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும். அது பயத்தால் மட்டும் வருவதில்லை, ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலின் செய்கிற வேலை. ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். புகையை உறிஞ்சும் மெஷின் வாக்வம் கிளீனர்போல இரையும், லேசாகக் கருகிய வாசனை வரும். இதை யாரும் முன்னால் சொல்லாததால் பயந்துபோய் அசைந்துவிடுகிறார்கள். அசையக் கூடாதது அந்த ஒரு நிமிடம்தான். வெட்டும் நேரம் அவ்வளவே.

துணைக்கு யாரையாவது கூட்டி வாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு தனியாகத் திரும்ப வேண்டாம்.

படி 7: அடுத்த நான்கு வாரம்

ரத்தம் நிற்க ஒரு பழுப்புநிற மருந்து தடவியிருப்பார்கள். முதல் சில நாள் காப்பித்தூள் மாதிரி கருப்பாக விழுவது அதுதான், பதற வேண்டாம். கிரையோ செய்தவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை தண்ணீராகப் போகும், பேட் நிறைய வேண்டும். பத்தாம் நாளையொட்டிப் பொருக்கு உதிரும்போது மறுபடி கொஞ்சம் ரத்தம் வரும்.

நான்கு வாரம் தாம்பத்தியம் கூடாது, உள்ளே எதையும் வைக்கக் கூடாது, குளம் கிணறு ஆற்றில் இறங்கிக் குளிக்கக் கூடாது. வீட்டில் தலைக்குக் குளிக்கலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவதை முதல் வாரமாவது விட்டுவிடுங்கள். பத்தியம் எதுவும் கிடையாது. கத்திரிக்காய்க்கும் கர்ப்பப்பை வாய்க்கும் சம்பந்தமில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

இரண்டு வாரத்தில் லேப் ரிப்போர்ட் வரும். எடுத்த சதையின் அளவு அதில் இருக்கும், உதாரணமாக 18 x 15 x 9 மி.மீ. என்று. இதில் எது ஆழம் என்று டாக்டரிடம் கேட்டு, பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 'மார்ஜின் பாசிட்டிவ்' என்றிருந்தால் விளிம்புவரை மாற்றம் இருந்தது என்று பொருள். அதற்காக உடனே மறுபடி வெட்டவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் கூடுதல் கவனத்தோடு மறுபரிசோதனைதான்.

இந்தக் காகிதத்தை ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கர்ப்பமாக வந்து, "என்னமோ கம்பி வெச்சு எடுத்தாங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்கிறவர்களுக்கு எங்களால் பாதி உதவிதான் செய்ய முடிகிறது.

படி 8: குழந்தைக்கு எப்போது முயற்சிக்கலாம்?

ஆறியபின், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். முதல் மறுபரிசோதனையை முடித்துக்கொண்டு தொடங்கினால் மனசுக்கும் நிம்மதி. அதுவரை ஆணுறை நல்லது.

கருத்தரிப்பதைப் பொறுத்தவரை, 2014-ல் வெளியான இன்னொரு தொகுப்பில், சிகிச்சை பெற்ற பெண்களின் கருத்தரிப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆகவே ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் எல்லாப் பழியையும் இந்தச் சிகிச்சைமேல் போடாதீர்கள். தைராய்டு, கருமுட்டை, குழாய் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், கணவருடைய விந்தணுப் பரிசோதனை உட்பட. கடைசியில் சொன்னதைத்தான் நம் வீடுகளில் கடைசிவரை செய்வதில்லை.

ஒரு விதிவிலக்கு. சிலருக்குத் தழும்பு இறுகி வாய் சுருங்கிவிடும். முன்பு இல்லாத கடும் வலியோடு சொட்டுச் சொட்டாக மாதவிலக்கு வந்தாலோ, வலி மட்டும் வந்து ரத்தம் வராமலே போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். மெல்லிய கம்பியால் விரித்துவிடும் சின்ன வேலைதான்.

படி 9: நாள் தள்ளியதும்

முதல் செக்கப்பிலேயே அந்தக் காகிதத்தை நீட்டுங்கள். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். ஆழமாக எடுத்திருந்தாலோ இரண்டு தடவை சிகிச்சை ஆகியிருந்தாலோ, 16 முதல் 24 வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார்கள். வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்த அளவு துல்லியமாக வராது. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் மாத்திரையைப் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்வார்கள், சிலருக்கு வாயில் தையல் போடுவார்கள். சுருக்குப்பைக்குக் கயிறு இழுத்துக் கட்டுவதுதான், மாதம் நெருங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். லீப் செய்த எல்லோருக்கும் தையல் வேண்டாம். முன்ஜாக்கிரதை என்று எடுத்த எடுப்பில் போடச் சொன்னால், நீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நான்காம் ஐந்தாம் மாதத்தில் கரு கலைவதும் சற்றே கூடுதல்: மற்றவர்களில் 1000-க்கு 4, சிகிச்சை பெற்றவர்களில் 16. எனவே அந்த மாதங்களில் இடுப்புவலி விட்டு விட்டு வந்தாலோ, நீர்போலவோ ரத்தமாகவோ கசிந்தாலோ "வாயுப் பிடிப்பு" என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

லீப் செய்ததற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவம் சாதாரணமாக நடக்கிறது.

படி 10: மறுபரிசோதனை

சிகிச்சைக்குப் பிறகு ஆறாம் மாதமோ பன்னிரண்டாம் மாதமோ ஒரு எச்.பி.வி. டெஸ்ட். எப்போது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். அது நெகட்டிவ் என்றதும் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சி.ஐ.என். 2, 3-க்குச் சிகிச்சை பெற்றவர்கள் குறைந்தது 25 வருடம் தொடர்ந்து பரிசோதனையில் இருக்கவேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. முதலில் வருடம் ஒருமுறை, தொடர்ந்து நெகட்டிவ் வந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிற மாற்றத்தைக் குணப்படுத்தாது. உடம்புக்கு இன்னும் வராத வகைகளைத்தான் தடுக்கும், கர்ப்பத்தின்போது போடுவதில்லை.

பிரசவம் முடிந்து பிள்ளையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டெஸ்ட் எப்போ எடுத்தீங்க?" என்றுதான். போன மாதம் ஒருத்தி, இடுப்பில் பையன் என் ஐடி கார்டு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, கைப்பையிலிருந்து நாலாக மடித்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மடிப்பெல்லாம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. 9 மி.மீ. என்ற எண்ணைச் சுற்றி நீலப் பேனா வட்டம். அடியில் அவள் கையெழுத்தில் அடுத்த பரிசோதனைத் தேதி. அன்றைக்குத்தான் அந்தத் தேதி.